ஒரு போனுக்காக 41 லட்சம் லிட்டர்: ஏரிக்கு அடியில் விழுந்ததை இந்தியா எப்படித் தேடுகிறது?

2023 மே மாதம் இந்தச் செய்தியை நீங்கள் யாருக்காவது ஃபார்வர்டு செய்திருப்பீர்கள், இல்லையென்றால் உங்களுக்கு வந்திருக்கும். சத்தீஸ்கர் மாநிலம் கான்கேர் மாவட்டத்தில் உணவுத் துறை ஆய்வாளர் ஒருவர், நண்பர்களோடு பரல்கோட் நீர்த்தேக்கத்துக்குப் போனார். செல்ஃபி எடுக்கும்போது கிட்டத்தட்ட ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள சாம்சங் போன் கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. உள்ளூர் ஆட்கள் குதித்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தண்ணீர் இரண்டு மூன்றடி குறைந்தால் எடுத்துவிடலாம் என்று அவர்கள் சொன்னதாக அந்த அதிகாரி பின்னர் விளக்கம் கொடுத்தார். டீசல் பம்பு வந்தது. மூன்று நாள் ஓடியது. போன் கிடைத்தது, ஆனால் ஆன் ஆகவில்லை. அதிகாரி சஸ்பெண்ட் ஆனார்.

மீம் போட்டுச் சிரித்துவிட்டு எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். ஆனால் அந்தச் சம்பவத்தில் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. பதினைந்தடித் தண்ணீர்தான். ஸ்கூபா உபகரணத்தோடு ஒருவர் இறங்கியிருந்தால் வேலை முடிந்திருக்குமே, ஏன் யாரும் இறங்கவில்லை? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இந்தியாவில் தண்ணீருக்கு அடியில் விழுந்த எதையும் யார் தேடுகிறார்கள், எப்படித் தேடுகிறார்கள், அதில் யாருக்காக எவ்வளவு செலவு செய்கிறோம் என்பதெல்லாம் மேலே வருகிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கு

அன்று பரவிய எண் 21 லட்சம் லிட்டர். அதை வைத்து 1,500 ஏக்கருக்குப் பாசனம் செய்திருக்கலாம் என்று பல செய்திகளில் வந்தது. கேட்டதும் கோபம் வருகிற எண்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. 21 லட்சம் லிட்டர் என்றால் 2,100 கன மீட்டர். 1,500 ஏக்கர் என்றால் சுமார் 60 லட்சம் சதுர மீட்டர். அந்தத் தண்ணீரை அவ்வளவு நிலத்திலும் பரப்பினால் உயரம் அரை மில்லிமீட்டர்கூட வராது. கோலம் போடுவதற்கு முன் வாசல் தெளிக்கிற அளவு, அவ்ளோதான். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அந்த 21 லட்சம் லிட்டர் அரை ஏக்கருக்குக்கூடப் போதாது.

மாநில நீர்வளத் துறை பிறகு தன் கணக்கை வெளியிட்டது. வெளியேறிய தண்ணீர் 4,104 கன மீட்டர், அதாவது 41 லட்சம் லிட்டர். முதலில் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு கன மீட்டருக்கு 10 ரூபாய் 50 காசு வீதம் 43,092 ரூபாய், அனுமதியில்லாமல் இறைத்ததற்கு இன்னொரு 10,000. மொத்தம் 53,092 ரூபாய் கட்டச் சொன்னார்கள். போனின் விலையில் பாதிதான் தண்ணீரின் விலை! லிட்டருக்கு ஒரு பைசா சொச்சம். உங்கள் வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேன், அந்த ரேட்டில் 21 பைசா.

வைரல் எண் தப்பு என்பதால் கோபமும் தப்பு என்று ஆகிவிடாது. கடும் கோடையில், ஒரு பொது நீர்நிலையை, ஒருவருடைய சொந்தப் பொருளுக்காக, வாய்மொழி அனுமதி வாங்கினேன் என்று சொல்லி மூன்று நாள் இறைக்க முடிந்தது என்பதுதான் விஷயம். லிட்டருக்கு ஒரு பைசா என்றால் அப்படிச் செய்வதைவிட மலிவான வழி வேறு இல்லை என்பதும் விஷயம்தான்.

தூக்குவது சுலபம், கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்

ஹைதராபாத் ஹுசைன் சாகர் ஏரிக்கு நடுவில் நிற்கிற புத்தர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். எஸ்.எம். கணபதி ஸ்தபதி வடித்தது, சுமார் 58 அடி, ஒற்றைக் கல். 1990 மார்ச் 10 அன்று மிதவையில் ஏற்றிக் கொண்டுபோகும்போது சரிந்து ஏரிக்குள் மூழ்கியது. உடன் இருந்தவர்களில் பலர் உயிரிழந்தார்கள். இரண்டரை ஆண்டுக்கு மேல் புத்தர் ஏரிக்கு அடியில் கிடந்தார். 1992 டிசம்பரில்தான் மேடையில் ஏறினார். அங்கே சிலை எங்கே கிடக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நூற்றுக்கணக்கான டன் கல்லை எப்படித் தூக்குவது என்பதுதான் பிரச்சினை.

போன், மோதிரம், பைக் சாவி, துப்பாக்கி எல்லாம் இதற்கு நேர் எதிர். இரண்டு விரலால் எடுத்துவிடலாம், கண்டுபிடித்துவிட்டால். நீங்கள் படகில் இருந்தபோது போன் விழுந்தது என்று வையுங்கள். விழுந்த இடத்தைக் கைகாட்டுகிறீர்கள். அதில் பத்து மீட்டர் இப்படி அப்படி இருக்கலாம், ஏனென்றால் படகு நகர்ந்திருக்கும், போனும் கல் மாதிரி நேராக இறங்காது, மரத்தில் இருந்து விழுகிற இலை மாதிரி அங்கும் இங்கும் சாய்ந்துதான் இறங்கும். பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். ஒரு பெரிய போனின் பரப்பு சுமார் 0.0127 சதுர மீட்டர். ஆக, 25 ஆயிரம் சதுரங்களில் ஒன்றைத் தேடுகிறீர்கள். அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு.

கண்ணைக் கட்டிக்கொண்டு என்று சொன்னது வர்ணனைக்காக இல்லை. அந்தமான் பக்கம் விடுமுறைக்குப் போய் ஸ்கூபா செய்தவர்களுக்குத் தண்ணீருக்குள் இருபது மீட்டர் தள்ளி மீன் தெரிந்த ஞாபகம் இருக்கும். நம் ஏரிகளிலும் அணைகளிலும் அது நடக்காது. அடியில் இருப்பது பல ஆண்டு வண்டல். துடுப்புக் காலால் ஒரு உதை விட்டாலே புகை மாதிரிக் கிளம்பும், அப்புறம் டார்ச் அடித்தால் மூடுபனியில் ஹை பீம் போட்ட மாதிரிதான். முகத்துக்கு முன்னால் வைத்த கையே தெரியாது. அதனால் இந்த வேலையில் கண்ணுக்கு வேலை குறைவு, விரல்தான் எல்லாம்.

முறையாகத் தேடுகிறவர்கள் இரண்டு மூன்று வழிகளைப் பயன்படுத்துவார்கள். ஒன்று, எடை கட்டிய கயிறு ஒன்றை அடித்தரையில் நேராக விரிப்பது. ஒருவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சேற்றைத் தடவிக்கொண்டே ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஊர்ந்து போவார். முடிந்ததும் கயிறு ஒரு மீட்டர் தள்ளி வைக்கப்படும். மறுபடியும் அதே ஊர்தல். இன்னொன்று, நடுவில் ஒரு எடையைப் போட்டு அதில் கட்டிய கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு வட்டமடிப்பது; ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு கொஞ்சம் நீளும். மேலே கரையில் ஒருவர் கயிற்றின் மறுமுனையோடு நிற்பார். ஒரு இழுப்பு என்றால் ஒரு அர்த்தம், இரண்டு இழுப்பு என்றால் இன்னொன்று. உள்ளே இருப்பவருக்கு வெளியுலகத்தோடு அந்தக் கயிறுதான் தொடர்பு. மெட்டல் டிடெக்டர் உண்டு, ஆனால் சுற்றுலா ஏரியில் அது பாட்டில் மூடிக்கெல்லாம் கத்திக்கொண்டே இருக்கும். சோனார் கார், படகு, லாரியைக் காட்டும். சேற்றில் பாதி புதைந்த போனைக் காட்டுவது கஷ்டம்.

இப்போது கான்கேரில் குதித்தவர்களை நினைத்துப் பாருங்கள். சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி இறங்கினால் ஒரு நிமிடம், பழகியவர் என்றால் இன்னும் கொஞ்சம். அதில் பெரும்பகுதி இறங்கவும் ஏறவும் போய்விடும். அடியில் துழாவக் கிடைப்பது சில நொடிகள். அதே ஐந்து மீட்டர் ஆழத்தில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரோடு இறங்குபவருக்கு, பாதுகாப்புக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்தாலும், சுமார் ஒரு மணி நேரம் காற்று இருக்கும். வித்தியாசம் திறமையில் இல்லை, சிலிண்டரில். அந்த உள்ளூர் ஆட்கள் சொன்ன யோசனை அவர்கள் நிலையில் சரிதான்: மூச்சை நீட்ட முடியாது, ஆகவே தண்ணீரைக் குறை.

அரசு தேடும்போது

சாமானியர் போனுக்குக் கிடைக்காத ஏற்பாடெல்லாம், போன் சாட்சியமாக மாறும்போது வந்துவிடும். அங்கேயும் முதலில் பம்புதான்.

2023 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் பள்ளி ஆசிரியர் நியமன முறைகேடு வழக்கில், முர்ஷிதாபாத் மாவட்டத்தில் திரிணாமூல் எம்.எல்.ஏ. ஜீவன் கிருஷ்ண சாஹா வீட்டுக்கு சிபிஐ போனது. சோதனை நடக்கும்போதே அவர் இரண்டு போன்களை வீட்டை ஒட்டிய குளத்தில் எறிந்தார் என்பது சிபிஐ குற்றச்சாட்டு. குளத்தை இறைத்து, சேற்றைக் கிளறி, முதல் போனை எடுக்க ஒன்றரை நாளுக்கு மேல் ஆனது. 2025 ஆகஸ்டில் அதே எம்.எல்.ஏ. வீட்டுக்கு அமலாக்கத் துறை போனபோது, மறுபடியும் போனை எறிந்தார் என்று செய்தி வந்தது. இந்தத் தடவை சாக்கடைப் பக்கம்.

2022 நவம்பரில் நாட்டையே உலுக்கிய ஒரு டெல்லிக் கொலை வழக்கில், உடல் பாகங்களைத் தேடி மைதான் கடி பகுதியில் ஒரு குளத்தை இறைத்தார்கள். சின்னக் குளம், சுற்றிலும் கரை, உள்ளே வந்து சேர ஓடை இல்லை என்றால் இறைப்பதில் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொல்லப்போனால் இறைத்துத் தேடுவது நமக்குப் பழகிய வழி. ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாயைப் பராமரிப்புக்காக ஆண்டுதோறும் தசரா, தீபாவளி சமயத்தில் மூடுவார்கள். படுகை தெரிந்ததும் பக்தர்கள் போட்ட காசு, நகைக்காகக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் இறங்கிவிடுவார்கள்.

ஆனால் ஆற்றையும் கழிமுகத்தையும் இறைக்க முடியாது, அங்கே ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும். 2021 மார்ச் 28 அன்று, முகேஷ் அம்பானி வீட்டருகே வெடிபொருளோடு கார் நின்ற வழக்கில், மும்பை மிட்டி ஆற்றில் என்ஐஏ ஆட்களை இறக்கியது. கணினி சிபியு, சிசிடிவி பதிவுக் கருவிகள், லேப்டாப், நம்பர் பிளேட்டுகள் வெளியே வந்தன. மிட்டி எவ்வளவு 'தூய்மையான' ஆறு என்று மும்பையில் வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள். நரேந்திர தாபோல்கர் கொலை வழக்கில், 2020 மார்ச்சில் தானே அருகே கடல் கழியில் இருந்து ஒரு கைத்துப்பாக்கியை சிபிஐ மீட்டது. வெளிநாட்டு ஆழ்கடல் வீரர்கள், இயந்திரங்கள் எல்லாம் வந்த அந்தத் தேடலுக்கு ஏழரைக் கோடி ரூபாய் வரை ஆனதாக அப்போது செய்திகள் வந்தன. தமிழ்நாட்டிலும் 2024 ஜூலையில், ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் வீசப்பட்ட செல்போன்களைத் திருவள்ளூர் வெங்கத்தூர் அருகே கொசஸ்தலை ஆற்றில் ஸ்கூபா வீரர்கள்தான் எடுத்தார்கள்.

ஆள் இருந்தாலும் தண்ணீர் விடாத நேரமும் உண்டு. 2024 ஜூலை 16 அன்று கர்நாடகாவின் ஷிரூர் நிலச்சரிவில் கேரள லாரி ஓட்டுநர் ஒருவர் லாரியோடு காணாமல் போனார். கடற்படை வீரர்களே வந்தும் கங்காவளி ஆற்றின் வேகத்தில் அடியில் நிற்க முடியவில்லை. கோவாவில் இருந்து தூர்வாரும் கப்பல் வந்து, செப்டம்பர் 25 அன்றுதான் லாரி வெளியே வந்தது. உள்ளே அவருடைய உடலும்.

எடுத்த போனில் என்ன இருக்கும்?

தண்ணீர் டேட்டாவை அழிக்காது. அழிப்பது அரிப்பு. பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போது நீர் புகுந்தால், சர்க்யூட் போர்டில் மின்வேதி அரிப்பு ஆரம்பித்துவிடும். உங்கள் போன் பெட்டியில் 'ஐபி68' என்று போட்டிருப்பார்கள். சாம்சங் கணக்கில் அது நல்ல தண்ணீரில் ஒன்றரை மீட்டர், அரை மணி நேரம். பரல்கோட்டில் அதைப் போல மூன்று மடங்கு ஆழம், நாள் கணக்கில்.

பழைய போன்களில் மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படித்துவிடலாம். இன்றைய போன்களில் எல்லாமே என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, திறக்கும் சாவி அதே போர்டில் உள்ள பிராசஸரோடு பிணைந்திருக்கிறது. போர்டுக்கு உயிர் கொடுத்தால்தான் டேட்டா. ஆகவே மூன்று நாள் பம்பு ஓட்டுவதற்கும் முதல் நாளே ஒருவர் இறங்கி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் தண்ணீர்ச் செலவு மட்டும் அல்ல.

கோர்ட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் "இங்கேதான் போட்டேன்" என்று போலீஸ் காவலில் சொல்லி, அந்த இடத்தில் பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புள்ள பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு; இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவு. ஆனால் ஏரி யார் வேண்டுமானாலும் வந்து போகிற இடம். போலீஸே போட்டு எடுத்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டம், 105ஆம் பிரிவில், சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. கரையில் எடுக்கலாம். கையே தெரியாத சேற்றுத் தண்ணீருக்குள் எதை வீடியோ எடுப்பது? அங்கே என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இறங்கியவர்தான். அவர் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் எடுத்தார், துப்பாக்கியைத் துருப்பிடிக்காமல் அதே தண்ணீரோடு டப்பாவில் போட்டுக் கொடுத்தாரா, கோர்ட்டில் வந்து சொல்வாரா என்பதில் வழக்கே தொங்கலாம். பல நேரம் அந்த ஆள், போலீஸ் அவசரத்துக்குக் கூப்பிட்ட ஒரு மீனவர்.

இறங்குகிறவர் யார்?

தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு 16 பட்டாலியன்கள், அவற்றில் ஆழ்நீர் வீரர்கள் உண்டு. கடற்படைக்குக் கொச்சியில் டைவிங் பள்ளி இருக்கிறது. கேரளத் தீயணைப்புத் துறை ஃபோர்ட் கொச்சியில் நீர் மீட்புக்கென்றே பயிற்சி மையம் வைத்திருக்கிறது. இவர்கள் வருவதற்கு முன்னால் முதலில் இறங்குவது பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். ஹரியானா, பஞ்சாபில் பாக்ரா கால்வாய்க் கரையோரம் இவர்களை 'கோத்தாகோர்' என்பார்கள். காசியில் படகோட்டும் மல்லா சமூகத்தினர். நம் பக்கம் மீனவர்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, போலீஸ் கூப்பிட்டால் போவார்கள். கூலி பல நேரம் காணாமல் போனவரின் குடும்பம் கொடுப்பதுதான்.

அவர்கள் வழக்கமாகத் தேடுவது போனை அல்ல. 2022இல் மட்டும் இந்தியாவில் 38 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. நாளுக்கு நூறு பேருக்கு மேல். ஒரு எம்.எல்.ஏ.வின் போனுக்கு மத்திய ஏஜென்சி பம்போடு நிற்கிறது. கால்வாயில் போன பிள்ளையைத் தேட, கரையில் அப்பா கோத்தாகோரோடு கூலி பேசிக்கொண்டிருக்கிறார். சாட்சியம் தேடுவது தப்பு என்று சொல்லவில்லை, அது அவசியம். ஆனால் இரண்டு வேலைக்கும் தேவையானது ஒரே திறமை, ஒரே சிலிண்டர், கரையில் கயிறு பிடிக்கும் ஒரே ஆள். மாவட்டத்துக்கு ஒரு முழுநேரக் குழு இருந்தால் இரண்டும் நடக்கும். இல்லாததால்தான் ஒன்றுக்குப் பம்பும் இன்னொன்றுக்குப் பேரமும்.

ஆபத்தும் சும்மா இல்லை. அணை மதகுக்குப் பக்கத்தில் ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் திறப்பு இருந்து, அந்தப் பக்கம் தண்ணீர் இல்லை என்றால், அதை அடைத்துக்கொள்கிற உடம்பின் மேல் சுமார் 450 கிலோ அழுத்தம் விழும். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் எடுக்க முடியாது. நைனிதால், ஊட்டி போன்ற மலை ஏரிகளில் காற்றழுத்தமே குறைவு என்பதால், கடலில் பழகிய கணக்கை அப்படியே வைத்து ஆழத்தில் நேரம் செலவழிக்கக் கூடாது. உடைந்த பாட்டில், மீன் வலை, சாக்கடை நீர் எல்லாம் தனி.

உங்கள் போனே விழுந்தால்?

படகை நிறுத்திவிட்டு, கரையில் தெரிகிற இரண்டு அசையாத பொருட்களை வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோபுரத்துக்கு நேராக, அந்தப் பனைமரத்துக்கு நேராக என்று. பத்து மீட்டர் சந்தேகம் ஐந்து மீட்டரானால் தேட வேண்டிய பரப்பு நாலில் ஒன்றாகிவிடும். இன்னொரு போனில் இருந்து ரிமோட் லாக் போடுங்கள், சிம்மை பிளாக் பண்ணுங்கள், யுபிஐக்கு பேங்கைக் கூப்பிடுங்கள். போலீஸ் புகார் நகலோடு 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐஎம்இஐ எண்ணையும் முடக்கலாம். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம், அது பொதுப்பணித் துறையோ வனத்துறையோ படகுக் குழாமோ, எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்மொழி அனுமதியின் கதை கான்கேரில் பார்த்தோம். கரையில் விளையாடுகிற பையனிடம் ஐந்நூறு ரூபாயை நீட்ட வேண்டாம்.

நீங்கள் தொலைத்ததை வேறு யாரோ எடுத்துவிட்டார் என்றால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்னும் அங்கே காவலுக்கு நிற்கிறது. கண்டெடுத்தவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உரியவர் யாரென்று தெரிந்தும் எடுத்துக்கொண்டால் குற்றம். தானாக இறங்கித் தேடிய உழைப்புக்குக் கூலி கேட்டு அவர் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. நீங்கள் 'எடுத்துக் கொடுத்தால் இவ்வளவு தருகிறேன்' என்று அறிவித்திருந்தால் போடலாம். அறிவிக்காவிட்டாலும், போனைப் பத்திரமாக வைத்திருக்கவும் உரியவரான உங்களைக் கண்டுபிடிக்கவும் ஆன செலவையும் சிரமத்துக்கான ஈட்டையும் நீங்கள் கொடுக்கும்வரை, 168ஆம் பிரிவுப்படி போனை அவர் கையிலேயே வைத்திருக்கலாம்.